ஏழு முடிச்சு, ஊதாத் துணி

"துணியெல்லாம் எங்க மிஸ்?"

வாசலில் வார்டைக் கூட்டித் துடைக்கும் செல்லம்மா நின்றாள். ஒரு கையில் வாளி, மறு கையில் விளக்குமாறு. வாளியிலிருந்து டெட்டோல் வாசம் வந்தது.

"எந்தத் துணி?"

"கட்டுகள்ல கட்டியிருந்தேனே, அந்தத் துணி."

"அந்தக் கந்தலா? வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். ஒரே கரப்பான் முட்டை."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். என் அலுமாரியைப் பார்த்தாள். ஐந்து நாள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நான் அடுக்கிய அலுமாரி. பிரசவ வார்டில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புத் துண்டுச் சீட்டுகள் எல்லாம் தாயின் பெயர் வரிசையில் ஏ, பீ, சீ என்று நின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் மருந்துப் பெட்டி அட்டையை வெட்டிச் சொருகியிருந்தேன். பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கோயில் மாதிரி இருக்கு. சாமிதான் இல்ல."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நாலு பணிஸ்

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிளாக்கர் வேலைக்குச் சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். தோட்டத்தின் பெயரை ஏன் மறைக்கிறீர்கள் என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சொல்லமாட்டேன். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு யாரும் போக வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. பதுளையில் மூன்று மாதம் அலுவலகப் படிப்பு படித்திருந்தேன். அங்கே எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒரே விஷயம். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்திலும் ஒரு தாள். அதை நான் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் கொஸ்லந்தப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்தவள். என் அடையாள அட்டைக்காக அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு நாலு தடவை ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். நாலு தடவையும் "உங்கட பேப்பர் கிடைக்கேல்ல, பிறகு வாங்கோ" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது பெரகல சந்தியில் பஸ் மாற இறங்குவோம். அப்பா எனக்கு ஒரு பணிஸ், அந்த இனிப்பு ரொட்டி, வாங்கித் தருவார். தனக்கு ஒரு பிளேன்டீ. வேலை நடக்காததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்த நாலு பணிஸ். ஐந்தாவது தடவை பேப்பர் கிடைத்தது. அது அந்த மேசையிலேயே, வேறொருவரின் ஃபைலுக்குள் இருந்தது.

அன்றைக்கு முடிவெடுத்தேன். என் கைக்கு ஒரு தாள் வந்தால் அது தொலையாது. எவரையும் "பிறகு வாங்க" என்று சொல்லமாட்டேன்.

அதனால்தான் அந்த அலுமாரியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தைந்து வருடத்துப் பிறப்புத் துண்டுகள். டாக்டரையா தன் கையால் ஆங்கிலத்தில் எழுதியவை. தாயின் பெயர், திகதி, ஆணா பெண்ணா, எத்தனை ராத்தல் எடை. அவ்வளவுதான். பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால் எழுதுவது, ஆகவே பிள்ளையின் பெயர் கிடையாது. அவையெல்லாம் கட்டுக்கட்டாகக் கந்தல் துணியால் கட்டிக் கிடந்தன. சில கந்தல் ஊதா, சில சிவப்பு, சில மஞ்சள், சில வெள்ளை. ஒவ்வொன்றிலும் கன்னாபின்னாவென்று முடிச்சுகள். ஆட்டுக்குத் தழை கட்டுவது போல இருந்தது.

எங்கள் ஜனங்களின் பிறப்பை இப்படியா வைப்பது என்று எனக்குக் கோபம். அவிழ்த்தேன், அடுக்கினேன், எரித்தேன்.

கமலா

துணியை எரித்து மூன்றாம் நாள் கமலா வந்தாள். கொழுந்து எடுக்கிற பெண். உயர்தரம் படித்தவள். படித்துவிட்டு கூடை சுமந்தாள், ஏனென்றால் வேறு வேலை இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருந்தது. இன்னும் பத்து நாள்.

"பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாம உள்ளேயே எடுக்கமாட்டாங்களாம் அக்கா" என்றாள். "பதுளைக்கு மூணு தடவ போயிட்டேன். நான் குடுத்த வருஷம் பூரா தேடிட்டாங்க. இல்லன்னுட்டாங்க."

"எந்தத் திகதி குடுத்த?"

"பள்ளிக்கூடத்துல எழுதியிருக்கிற திகதி. ஜனவரி ஒண்ணு."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்த பாதிப் பேர் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள். சேர்க்கிற அன்றைக்குப் பெரியவாத்தியார் கேட்பார், அப்பா தலையைச் சொறிவார், பெரியவாத்தியார் எழுதிவிடுவார். பதுளைப் பதிவுக் கந்தோரில், அந்த அலுவலகத்தில், புத்தகங்கள் திகதி வரிசையில் இருக்கின்றன. பொய்த் திகதியைக் கொடுத்தால் அவர்கள் பொய்ப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.

"கவலைப்படாத. இங்கதானே பொறந்த? அம்மா பேரச் சொல்லு. ரெண்டு நிமிஷம்."

"லெட்சுமி."

பெருமையோடு எழுந்து எல் அட்டைக்குப் பின்னால் கையை விட்டேன். லெட்சுமிகள் ஒரு விரல் தடிப்புக்கு இருந்தார்கள். எண்ணினேன். முப்பத்தொரு லெட்சுமி. ஆண் பிள்ளைகளைக் கழித்தாலும் பதினேழு. அம்மாவிடம் கேட்கலாம் என்றால், கமலா நாலு வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள்.

"அப்பாவுக்கு ஏதும் ஞாபகம் இருக்கா?"

"அவருக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். ஏழாம் நம்பர் மல கவ்வாத்து வெட்டுறப்ப பொறந்தேனாம்."

அடுத்த அறையில் ஊசியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்த டாக்டரையா எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தத் தோட்டத்துக்கு வந்து தலை நரைத்தவர்.

"ஏழாம் நம்பரோ? அப்ப செல்லம்மாட்டைக் கேளும் பிள்ளை. அவ உடன எடுத்துத் தருவா."

"அவங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாதே ஐயா?"

"தெரியாதுதான். ஆனா நான் கேட்ட துண்டை அவ தராமல் விட்டதில்லை."

"எப்படி எடுப்பாங்க?"

"அதை நான் ஏன் கேக்கவேணும்? கேட்டால் வருகுது. வாறதை வாங்கினன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன், கட்டுகளை அவிட்டுப் போட்டீரோ?"

நான் அலுமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினேன்.

விறகுக் கணக்கு

இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் தேயிலை தெரிய வேண்டும். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. முழுத் தோட்டத்தையும் ஒன்றாக வெட்ட முடியாது. மலைகளுக்கு நம்பர் உண்டு. ஒரு மலை முடிந்தால் இன்னொன்று, நம்பர் வரிசையில் அல்ல, செடியின் நிலையைப் பார்த்து. வெட்டுவது ஆண்கள். வெட்டிப்போட்ட கிளையைக் கட்டித் தலையில் சுமந்து வருவது பெண்கள். எந்த மலையில் வெட்டுகிறார்களோ அந்த மலை விறகுதான் அந்த மாதங்களில் எல்லா வீட்டு அடுப்பிலும் எரியும்.

ஆகவே ஒரு தாயிடம் திகதி கேட்டால் தெரியாது. எந்த மலை விறகில் பிள்ளைக்கு வெந்நீர் வைத்தாய் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

செல்லம்மா அப்படித்தான் கட்டியிருக்கிறாள். முடிச்சு எத்தனையோ அத்தனையாம் நம்பர் மலை. ஏழு முடிச்சு என்றால் ஏழாம் மலை வெட்டும்போது பிறந்த பிள்ளைகள். பதினாலு மலையும் வெட்டி முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்போது நிறத்தை மாற்றுவாள். முதல் சுற்றுக்கு வெறும் வெள்ளைத் துணி. அடுத்ததற்குப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தில் தோய்த்தது. பிறகு சிவப்பு மருந்து, பிறகு மஞ்சள் மருந்து.

எழுதத் தெரியாத ஒருத்தி ஆஸ்பத்திரி மருந்தையே மையாக வைத்து ஒரு தோட்டத்தின் பிறப்பை எழுதி வைத்திருந்தாள். மூன்று மாதம் படித்த நான் அதை அடுப்பில் வைத்தேன்.

இதெல்லாம் எனக்குச் செல்லம்மா சொன்னதல்ல. அவள்தான் பேசவில்லையே. பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண் சொன்னாள். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. நான் எவரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் தோட்டத்துக் கந்தோருக்கு ஓடினேன். கவ்வாத்துப் புத்தகம் ஒன்று இருக்கும், அதில் மலை வாரியாகத் திகதி இருக்கும் என்று நினைத்தேன். பெரிய கிளாக்கர் சிரித்தார்.

"பழைய புத்தகமா? நிர்வாகம் மாறின வருஷமே எரிச்சாச்சு. இடத்த அடைச்சிக்கிட்டு இருந்துச்சு."

வாய்க்கு வந்ததெல்லாம் ஏச வேண்டும் போல இருந்தது. என்ன யோக்கியதையில் ஏசுவது? இறங்கி வந்தேன்.

சாயம்

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு செல்லம்மாவைத் தேடிக்கொண்டு போனேன். கிணற்றடியில் படுக்கை விரிப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"செல்லம்மாக்கா."

விரிப்பைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

"தப்புதான். நான் கேட்டிருக்கணும்."

இன்னோர் அடி. என் முகத்தில் சோப்புத் தண்ணீர் தெறித்தது. வேண்டுமென்றே செய்தாள்.

"என்னை ஏசுங்க. அடிங்க. ஆனா கமலாவுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. அவ கூடைய எறக்கி வைக்கிறது ஒங்க கையில இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். இடுப்பில் கையை ஊன்றினாள்.

"மாரிமுத்து மகளா?"

"ஆமா."

"அதச் சொல்றதுக்கு ஒனக்கு இவ்வளவு நேரமா?" என்றாள். "வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அன்றுவரை அவள் என்னை 'நீங்க, மிஸ்' என்றுதான் பேசுவாள். அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை. எனக்கு அது சம்பள உயர்வு மாதிரி இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு லெட்சுமித் துண்டை எடுத்தாள். எழுத்தைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். மூன்றாவதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னா?"

துண்டின் ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு. துணி கட்டியிருந்த இடம்.

"தோச்ச துணிய காயவச்சுக் கட்ட எனக்கு ஏது நேரம்? ஈரத்தோட கட்டிருவேன். டாக்டரையா ஏசுவாரு. இப்ப பாரு. துணிய எரிச்ச, சாயத்த எரிக்க முடிஞ்சிச்சா?"

சுற்று எது என்பது தாளிலேயே இருந்தது. கமலாவின் வயதுக்கு ஊதாச் சுற்றுத்தான். முப்பத்தொரு லெட்சுமியில் ஊதா ஓரம் பதினொன்று. அதில் பெண் பிள்ளை ஆறு.

ஆறில் எது? முடிச்சு அடுப்போடு போய்விட்டது. ஆறு திகதிக்கும் பதுளையில் விண்ணப்பம் போட்டுத் தேட வைக்கலாம். கமலாவின் தலை நரைத்த பிறகு பதில் வரும்.

கமலாவின் அப்பா மாரிமுத்தண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணே, அப்ப என்ன காலம்? ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கும்மா. மழ பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"நமுனுகுலயில எப்பதான் மழ பெய்யல?" என்றாள் செல்லம்மா.

அவர் வெட்கத்தோடு தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டினார். "எத்தனையாவது நெரையில நின்னேன்னு கூடச் சொல்லுவேன். திகதி மட்டும் கேக்காதீங்க."

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. இவருக்கு மட்டுமா ஏழாம் மலை ஞாபகம்? கூட வெட்டியவர்களுக்கும் பிள்ளை பிறந்திருக்குமே?

வார்டுத் தரை

அந்த இரவும் அடுத்த காலையும் ஊதா ஓரமுள்ள எல்லாத் துண்டையும் நானும் கமலாவும் பிரித்தெடுத்தோம். முந்நூறுக்கு மேல். எடுக்க எடுக்க, தாயின் பெயரையும் திகதியையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் பெயர் வரிசையிலேயே எழுதிக்கொண்டேன். பிறகு துண்டுகளைத் திகதி வரிசையில் பிரசவ வார்டுத் தரையில் பரப்பினோம். கட்டில் காலைச் சுற்றிப் பாம்பு மாதிரி வளைந்து போனது அந்த வரிசை. காற்றுக்குப் பறக்காமல் இருக்க நெடுகிலும் விறகுக் குச்சி வைத்தோம்.

கவ்வாத்துக்காரர்களுக்குக் கணக்கு வேலை. வெட்ட வேண்டியதை வெட்டிவிட்டால் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு மணிபோல மாரிமுத்தண்ணனும் அவர் கூட்டாளி பெருமாளும் இன்னும் ஐந்து பேரும் வந்தார்கள். கத்திகளை வெளியே சுவரில் சாத்தினார்கள். வாசலில் கூச்சப்பட்டு நின்றார்கள்.

"காலக் கழுவிட்டு வாங்க" என்றாள் செல்லம்மா. "பொண்டாட்டி பெக்குறப்ப எட்டிப் பாக்காத பயலுக, இப்பவாவது உள்ள வந்து பாருங்க."

"அப்ப நீதான் வெரட்டுன" என்றார் பெருமாள்.

வார்டில் ஒரே ஒரு கர்ப்பிணி படுத்திருந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவாரசியமாக எழுந்து உட்கார்ந்தாள்.

நான் கொப்பியோடு நின்றேன். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. அந்தச் சுத்துல ஒங்களுக்குப் பொறந்த புள்ள, வீட்டுக்காரம்மா பேரு, எந்த மல வெட்டுனீங்க."

"மீனாட்சி. ஆம்பளப் புள்ள. மூணாம் நம்பர் மல" என்றார் ஒருவர்.

கொப்பியில் எம் பக்கத்தைப் பார்த்தேன். மீனாட்சி, ஆண், திகதி. கமலா வரிசையோடு ஓடிப்போய் அந்தத் துண்டைக் கண்டுபிடித்தாள். செல்லம்மா அதன் மேல் ஒரு மருந்துப் போத்தலை வைத்தாள். "மூணு."

"சின்னப்பொண்ணு. பொம்பளப் புள்ள. ஒம்பது."

இன்னொரு போத்தல்.

"அடைக்கலமேரி. பதிமூணு. ரெட்டப் புள்ள."

"ரெட்டைக்கு ரெண்டு போத்தல் வைக்கணுமா?" என்றார் பெருமாள்.

"ஒனக்கு ஒரு போத்தல் கெடச்சாப் போதுமே, காலியா இருந்தாலும் மோந்து பாப்பியே" என்றாள் செல்லம்மா.

படுக்கையில் இருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, சிரிக்க வைக்காதீங்க. இங்கேயே வந்துரும்."

"வரட்டும்மா. இப்ப வெட்டுறது பதினொண்ணு. எழுதி வச்சிக்கிறோம்" என்றார் பெருமாள்.

அரை மணி நேரத்தில் தரையில் ஒன்பது போத்தல்கள் நின்றன. மலைகள் எந்த ஒழுங்கில் வெட்டப்பட்டன என்று கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் ஏழுக்குப் போத்தல் இல்லை.

"ஒம்பதாம் மல முடிஞ்சுதான் ஏழு" என்றார் மாரிமுத்து.

"போப்பா" என்றார் பெருமாள். "பதிமூணாம் மல முடிஞ்சுதான் ஏழு. ஏழுல நிக்கிறப்பதான் ஒன் மாமியா செத்தா."

"என் மாமியா செத்தது ஒம்பதுல. பாடை கட்ட ஒம்பதுலேருந்துதான் கம்பு வெட்டுனோம்."

"ஒம்பதுல ஏதுடா அவ்வளவு நீளக் கம்பு?"

"செத்த கணக்கு எதுக்கு?" செல்லம்மா கத்தினாள். "பொறந்த கணக்கச் சொல்லுங்க!"

மூலையில் நின்ற ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், மெதுவாகச் சொன்னார். "என் மூத்தவ பொறந்தது ஏழு தொடங்கி ரெண்டாவது நாளு. கத்தி புதுசா குடுத்தாங்க. அவ அம்மா பேரு பார்வதி."

கொப்பியைப் புரட்டினேன். பார்வதி, பெண். கமலா தேடிப்போய் நின்ற இடம் ஒன்பதாம் நம்பர் போத்தலுக்குச் சற்றுத் தள்ளி. மாரிமுத்து சொன்னதுதான் சரி. அதற்கு அடுத்த போத்தல் பதிமூன்று. நடுவில் இருபத்துச் சொச்சம் துண்டுகள்.

கமலா முழங்காலில் ஊர்ந்து ஒவ்வொரு துண்டாக வாசித்தாள். இரண்டு லெட்சுமி இருந்தார்கள். ஒன்று ஆண்.

மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாசி புள்ள" என்றார் அவள் அப்பா.

"லெட்சுமி. பொம்பளப் புள்ள." கடைசி வரியை விரலால் தொட்டாள். "அஞ்சு ராத்தல்."

"அஞ்சு ராத்தலா?" மாரிமுத்து துண்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "அன்னைக்குக் காலையில அவ எடுத்துப்போட்ட கொழுந்து இதவிடக் கூட."

பெருமாள் அவர் தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

கமலா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எழுதியதைவிட அவள் ஒரு வருடமும் சில மாதமும் மூத்தவள். நேர்முகத்துக்கு வயதெல்லை இருந்தது. அதைத் தாண்ட அவளுக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் மிச்சம். அடுத்த முறை என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

நான் எரித்த துணியால் ஒருத்தி வாழ்க்கை முழுக்கக் கூடை சுமந்திருப்பாள். எவருக்கும் காரணம்கூடத் தெரிந்திருக்காது.

வழிகள்

அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று விளங்கியது. பெயர் வரிசை என் கொப்பியில். திகதி வரிசை தரையில். மலை வரிசை போத்தலில். தாள் ஒன்றுதான். மூன்றில் எது குறைந்திருந்தாலும் அதைக் கண்டிருக்கமாட்டோம். என் ஏ, பீ, சீயும் வீணில்லை. அதை மட்டும் நம்பியதுதான் மடத்தனம். ஒரு தாளுக்கு ஓர் இடம் போதும். அதற்குப் போகிற வழி எத்தனை இருந்தாலும் நல்லது, ஏனென்றால் வருகிறவர்கள் ஒரே வாசலால் வருவதில்லை. ஒருத்திக்குப் பெயர் தெரியும். ஒருத்தருக்கு மலை தெரியும்.

ஊசிமருந்து வரும் அட்டைப் பெட்டிகளில் துண்டு எந்தக் கட்டில் இருக்கிறதென்று எழுதிய சிறிய சிறிய அட்டை வெட்டிப் போட்டேன். ஒரு பெட்டி பெயருக்கு, ஒன்று திகதிக்கு, ஒன்று லயத்துக்கு. துண்டுகளை நானும் செல்லம்மாவும் மறுபடி மலை வாரியாகக் கட்டினோம். மற்றச் சுற்றுகளுக்கும் கவ்வாத்துக்காரர்களைக் கூப்பிட்டோம். ஒரு மாதம் பிடித்தது. துணி தோய்த்து என் விரல் பத்தும் ஊதா. பதுளைக்குப் போனால் கடைக்காரர்கள் என்ன வியாதி என்று கேட்டார்கள்.

இரண்டாயிரங்களில் எங்களுக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பதுளையிலிருந்து ஒரு தம்பி வந்து எல்லாவற்றையும் பதிந்தான். பெயரைத் தொட்டான், பெயர் வரிசையில் நின்றது. திகதியைத் தொட்டான், திகதி வரிசைக்கு மாறியது. செல்லம்மா பின்னால் நின்று பார்த்தாள்.

"இவ்வளவுதானா? நாம தரையில செஞ்சதத்தான் இது பொட்டிக்குள்ள செய்யுது."

"மலைக்கு ஒரு கட்டம் போடுங்க தம்பி" என்றேன்.

"மலையா? அது எதுக்கு மிஸ்? யாரும் கேக்கமாட்டாங்க."

அவனுக்கு நான் சொன்னதை இந்த வாரப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. கட்டம் போட்டான்.

கமலாவின் பத்திரம்

சரியான திகதியோடு பதுளைக்கு நானும் கமலாவும் போனோம். பதிவுக் கந்தோரில் இருந்தவர் புத்தகத்தை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார், கமலாவின் பெயர் அங்கே இருந்தது. எவ்வளவு காலமாக அங்கேயே இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத் திகதி பிழை என்று ஒரு சத்தியக் கடதாசியும் முடித்துக்கொண்டோம். நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பத்திரம் கைக்கு வந்தது.

கமலா அதைச் செல்லம்மாவிடம் காட்ட நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். செல்லம்மா முன்னும் பின்னும் புரட்டினாள். வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தாள்.

"என்னாடி இது, சாயமே இல்ல. இதத் தொலைச்சா எப்படித் தேடுவ?"

ஒரு துணியைக் கிழித்தாள். ஊதா மருந்தில் தோய்த்தாள். ஏழு முடிச்சுப் போட்டாள். பத்திரத்தைச் சுருட்டி, அதைச் சுற்றிக் கட்டினாள். இந்தத் தடவை காயவைத்துத்தான் கட்டினாள்.

நேர்முகத்தில் இருந்த அதிகாரி அது என்ன கந்தல் என்று கேட்டாராம். "அவிழ்த்துப் பாருங்க சேர், ஆனா துணியத் திருப்பித் தந்துருங்க" என்றாளாம் கமலா. தந்தார். வேலையும் தந்தார்கள். அடுத்த மாதம் அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பத்திரம் இரண்டு தடவை தொலைந்துவிட்டது. ஒரு தடவை ஓர் அலுவலகம் தொலைத்தது. ஒரு தடவை அவளே தொலைத்தாள். இரண்டு தடவையும் என்னிடம்தான் ஓடி வந்தாள். நான் எந்தத் திகதி என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தத் துணியை மேசையில் வைத்தாள். சாயம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் முடிச்சு ஏழும் அப்படியே இருந்தன.

எண்ணிப் பார்த்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். இரண்டு நிமிஷம்.